சூனியக்காரி சாபத்தால் 81 வருஷம் தோற்ற ஊரா? (பிட்டி எர்லி, ஃபீக்கிள், கிழக்கு கிளேர்)

பந்தாட்டப்பிரியன் | 22 ஜூலை 2024

நேத்து அயர்லாந்துல ஹர்லிங் (மட்டையால பந்தடிச்சு ஆடற அவங்க ஊர் ஆட்டம்) ஃபைனல் ஒண்ணு தற்செயலா பார்த்தேன். கிளேர்னு ஒரு கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) எக்ஸ்ட்ரா டைம்ல ஒரே பாயிண்ட்ல ஜெயிச்சுது. அதப் பத்தித் தேடினா, பிட்டி எர்லின்னு ஒரு சூனியக்காரி அந்த அணிக்குச் சாபம் விட்டாளாம், 1914க்கு அப்புறம் 1995 வரைக்கும் கப்பே வரலையாம். நிஜமா இது? அங்க இருக்கறவங்க யாராவது சொல்லுங்க.

கிளேர்வாசி | 22 ஜூலை 2024, இரவு

நான் அங்கேதான் இருக்கிறேன். ஸ்காரிஃப் பக்கம். இன்றைக்கு ஊரில் ஒருத்தரும் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை.

சாபக் கணக்கு உதைக்கிறது. பிட்டி எர்லி செத்தது 1874 ஏப்ரலில். ஹர்லிங்குக்கு விதி எழுதி, கவுண்டிக்கு ஒரு அணி என்று ஏற்பாடு செய்த கேலிக் விளையாட்டுச் சங்கம் தர்லஸ் ஊரில் தொடங்கியது 1884 நவம்பரில். பிறக்காத பிள்ளைக்கு எப்படிச் சாபம் விடுவது? அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரான மைக்கேல் குசாக்கே கிளேர்காரர், கேரன் ஊர். சாபம் விட வேண்டுமென்றால் அவருக்குத்தான் விட்டிருக்க வேண்டும்.

1914இல் கப் வந்ததே, அது எப்படி? செத்து 40 வருஷம் சும்மா இருந்துவிட்டு, ஒரு கப்பை விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு கோபம் வந்ததா? 1977லும் 1978லும் லீக் கோப்பையை அடுத்தடுத்து எடுத்தார்கள். சாபம் லீகுக்குச் செல்லாது போலிருக்கிறது.

நேற்றைய ஸ்கோர் புரியாதவர்களுக்கு: கிளேர் 3-29, கார்க் 1-34. முதல் எண் கோல், ஒரு கோலுக்கு மூன்று புள்ளி. இரண்டாவது எண் தனிப் புள்ளிகள். 38க்கு 37.

கிளேர்வாசி | 23 ஜூலை 2024

நேற்று எழுத விட்டுப்போனது. 1995இல் சாபத்தை உடைத்ததாகச் சொல்லும் அணியின் மேனேஜர் ஜெர் லாக்னன். அவர் ஊர் எது தெரியுமா? ஃபீக்கிள். பிட்டி வாழ்ந்த அதே பாரிஷ் (சர்ச் வட்டாரம்). 1977, 78 இரண்டு வருஷமும் மன்ஸ்டர் மாகாண ஃபைனலில் கார்க்கிடம் தோற்ற கிளேர் அணியில் ஆடியவரும் அவரே. இப்படி ஒரு பொருத்தம் கையில் கிடைத்தால் எந்த ஊர்தான் சும்மா விடும்?

பந்தாட்டப்பிரியன் | 23 ஜூலை 2024

அப்போ மொத்தமும் கட்டுக்கதையா? அப்படி ஒரு பொம்பளையே இல்லையா?

கிளேர்வாசி | 25 ஜூலை 2024

இருந்தாள். நன்றாகவே இருந்தாள். தெரிந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

பிறந்தது 1798 வாக்கில், ஃபாஹா என்கிற இடத்தில். அப்பா பெயர் கானர், அம்மா பெயர் எலன் எர்லி. அவள் கடைசிவரை அம்மா வீட்டுப் பெயரிலேயே அறியப்பட்டாள். சின்ன வயதில் பெற்றோர் போய்விட, வீட்டு வேலை பார்த்துப் பிழைத்தாள். நான்கு கல்யாணம். நாலு பேரும் அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். முதல் புருஷனுக்கு மூத்த தாரத்து மகன் ஒருவன் இருந்தான், இரண்டாவது கல்யாணம் அவனோடு. கடைசிக் கல்யாணத்தின்போது இவளுக்கு எழுபதைத் தாண்டியிருந்தது, மாப்பிள்ளைக்கு முப்பது சொச்சம் என்கிறார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா.

ஃபீக்கிளுக்குப் பக்கத்தில் கில்பாரன் ஏரியைப் பார்த்த மேட்டில் அவள் வீடு. அங்கே மனுஷனுக்கும் மாட்டுக்கும் வைத்தியம். பக்கத்துக் கவுண்டிகளிலிருந்தெல்லாம் குதிரை வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். காசு வாங்கமாட்டாள். விஸ்கி கொண்டு வரலாம், சாப்பாட்டுச் சாமான் கொண்டு வரலாம். அதனால் அந்த வீட்டில் சரக்கு தீர்ந்ததே இல்லை. நாலு புருஷன்மார் போன காரணத்தை நான் வேறெங்கும் தேடமாட்டேன்.

அவள் பெயரைச் சொன்னாலே எல்லோரும் சொல்வது அந்த நீலப் புட்டி. அதற்குள் பார்த்தால் வருபவனுக்கு என்ன நோய், யார் வைத்தது, பிழைப்பானா என்று தெரிந்துவிடும். அதைத் தந்தது யார் என்பதில் வீட்டுக்கு வீடு கதை மாறும். செத்துப்போன மகன், தம்பி, புருஷன் என்று ஆளுக்கொன்று. ஒரு வடிவத்தில் அவள் சகோதரன் ராத்திரி வழியில் மண்மேட்டுக்காரர்களின் (பழைய மண்கோட்டைகளில் குடியிருப்பதாக ஊர் நம்பும் மாய மக்களின்) ஹர்லிங் ஆட்டத்தில் மாட்டிக்கொள்கிறான். அவர்கள் அணியில் ஒரு ஆள் குறைவு. இவன் இறங்கி ஆடி ஜெயித்துக் கொடுக்க, கூலியாகப் புட்டி கிடைக்கிறது. (அந்த மக்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இங்கே வழக்கமில்லை. 'நல்லவர்கள்', 'அவர்கள்', அவ்வளவுதான்.)

அதாவது பழைய கதையில் ஹர்லிங் ஏற்கெனவே இருக்கிறது, வரமாக. பின்னால் வந்தவர்கள் அதைச் சாபமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். எனக்கு இதுதான் சுவாரசியம். பொய்யா நிஜமா என்று கேட்பதைவிட, எந்த வருஷத்தில் யாருக்கு இந்தக் கதை தேவைப்பட்டது என்று கேட்டால் நிறையப் பிடிபடுகிறது.

கணக்குப்பிள்ளை | 25 ஜூலை 2024

1865ல எனிஸ் கோர்ட்டுல அவமேல சூனியக் கேஸ் போட்டாங்க, 1586ம் வருஷச் சட்டத்துல. யாரும் சாட்சி சொல்ல வரல, கேஸ் தள்ளுபடி. இத விட்டுட்டீங்களே. அயர்லாந்தோட ரெக்கார்டு எல்லாம் 1922 தீயில போச்சு, அதனாலதான் அவளப் பத்தி சென்சஸ்லகூட ஒண்ணும் கிடைக்கல.

கிளேர்வாசி | 26 ஜூலை 2024

கணக்குப்பிள்ளை சார், இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

வழக்கு. எல்லா இடத்திலும் இப்படித்தான் எழுதியிருக்கிறது, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர். ஆனால் 1586இல் வந்த அந்த அயர்லாந்துச் சூனியச் சட்டத்தை 1821லேயே நீக்கிவிட்டார்கள். நீக்கி 44 வருஷம் கழித்து அதே சட்டத்தில் எந்த மாஜிஸ்திரேட் வழக்கை எடுப்பார்? அவளைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள் என்பது ஊர் உறுதியாகச் சொல்லும் விஷயம், அதை நான் தள்ளவில்லை. 1586 என்ற எண்ணை மட்டும் தள்ளுகிறேன். யாரோ படித்தவர் பின்னால் ஒட்டவைத்த வால் மாதிரித் தெரிகிறது. 'சாட்சி சொல்ல ஆள் வரவில்லை' என்பது வேறு ரகம். அவள்மேல் பயமோ, கடன்பட்ட நன்றியோ, எதுவானாலும் அது ஊருக்குத் தெரிந்த உண்மை.

தீ. 1922 ஜூன் கடைசியில், உள்நாட்டுப் போரின் ஆரம்பத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையான சென்சஸ் தாள்களில் பெரும்பகுதி அதில் போனது. 1861, 1871 தாள்களுக்கும் தீக்கும் சம்பந்தம் இல்லை. கணக்கெடுத்த கையோடு அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. ஆக, பிட்டி புகழோடு இருந்த வருஷங்களின் தாள்களை எரித்தது கலகக்காரர்கள் இல்லை, ஆபீஸ்காரர்கள்.

நாஞ்சில்_அக்கா | 26 ஜூலை 2024

தம்பி, நான் நர்ஸ். எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் காலத்துல அங்க டாக்டர் இல்லையா? ஏன் அவகிட்ட போகணும்?

கிளேர்வாசி | 27 ஜூலை 2024

அக்கா, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பதால் எனக்கும் இதுதான் முதலில் தோன்றியது.

டாக்டர் இருந்தார். 1851இல் ஒரு சட்டம் வந்து நாடு முழுக்க டிஸ்பென்சரி வட்டங்கள் போட்டார்கள். ஏழைக்கு இலவசம். ஆனால் சும்மா போக முடியாது, சீட்டு வேண்டும். சீட்டைத் தருவது ஏழைநலக் கமிட்டிக்காரர்கள். அவர்களில் பல பேர் பண்ணையார்கள் அல்லது பண்ணையாரின் ஆட்கள். வாடகை பாக்கி வைத்தவன், போன வருஷம் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவன், அவர்கள் வாசலில் போய் நின்று என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கெஞ்ச வேண்டும். பிட்டியிடம் அரைப் புட்டி விஸ்கியோடு போகலாம். நீங்களாக இருந்தால் எங்கே போவீர்கள்?

இன்னொன்று, பஞ்சம். 1841இல் கிளேர் ஜனத்தொகை 2,86,394. 1851இல் 2,12,440. பத்தே வருஷத்தில் நாலில் ஒருத்தர் இல்லை. செத்தவர்கள், கப்பல் ஏறியவர்கள். பிட்டிக்கு அப்போது ஐம்பது வயது வாக்கில். அவள் பெயர் பரவிய காலமும் இதுதான். பிட்டி கதைகளில் பஞ்சம் பெயரோடு வருவது அபூர்வம். 'அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள்' என்பதுதான் திரும்பத் திரும்ப வரும். இளம்பெண்ணைக் கொண்டுபோனார்கள், பால் குடிக்கும் பிள்ளையைக் கொண்டுபோனார்கள், இங்கே கிடப்பது வெறும் கூடு. நாலில் ஒருத்தர் காணாமல் போன ஊரில் இப்படிப் பேசினார்கள் என்பதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கிளேர்வாசி | 28 ஜூலை 2024

எழுத்தாளர் எட்னா ஓ'பிரையன் நேற்று லண்டனில் காலமானார். 93 வயது. பிறந்தது இங்கே டூம்கிரேனியில், 1930இல். 1960இல் வந்த அவருடைய முதல் நாவலை அயர்லாந்தில் தடை செய்தார்கள். இன்று காலை கடைக்கு வந்த பாட்டி ஒருவர், "அப்போ அந்தப் புத்தகத்தை மெத்தைக்கு அடியில் வைத்துப் படித்தோம்" என்றார். இந்த இழைக்குச் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீர்கள், வருகிறேன்.

பந்தாட்டப்பிரியன் | 30 ஜூலை 2024

சர்ச் சாமியார்கள் பிட்டிய என்ன பண்ணாங்க?

கிளேர்வாசி | 2 ஆகஸ்ட் 2024

திட்டினார்கள். பூசையில் பெயர் சொல்லி, அவளிடம் போகாதே என்றார்கள். ஜனம் கேட்டுவிட்டு, அடுத்த நாள் குறுக்குப் பாதையில் போனது. கதைகளில் சாமியார் தோற்பது ஒரே மாதிரி நடக்கும். பிட்டியைச் சாட்டையால் அடிக்க வந்தவர் திரும்பும்போது குதிரை பாலத்தில் அசையாமல் நின்றுவிடும். அவளிடம் ஆள் அனுப்பிச் சமாதானம் பேசினால்தான் கால் எடுக்கும். எந்தப் பாலம் என்று கேட்டால் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பாலத்தைக் காட்டுவார்கள்.

மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும் கதைகளும் அப்படித்தான். 'வழியில் ஒரு இடத்தில் புட்டி கைநழுவப் பார்க்கும், கெட்டியாகப் பிடி' என்பாள். உடைந்தால் நோயாளி பிழைக்கமாட்டான். தொழில்முறையாகச் சொல்கிறேன், இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு கிடையாது. குணமானால் மருந்து. குணமாகாவிட்டால் நீ வழியில் என்னவோ செய்துவிட்டாய். 'தாமதமாக வந்துவிட்டாய்' என்பதும் அவள் அடிக்கடி சொன்னதாக வரும். அது பல நேரம் உண்மையாகவே இருந்திருக்கும்.

கடைசியில் சாவுப் படுக்கையில் சாமியார் வந்தார், ஜெபமாலையோடு போய்ச் சேர்ந்தாள், புட்டியைச் சாமியாரே கில்பாரன் ஏரியில் எறிந்தார் என்பது பரவலான முடிவு. ஃபீக்கிள் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள், கல்வெட்டு கிடையாது. வீடு இப்போது கூரையில்லாத சுவர்தான், முள்ளும் ஐவிக்கொடியும் மூடியிருக்கிறது. போகிறவர்கள் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். ரப்பர் பூட்ஸ் கட்டாயம்.

கணக்குப்பிள்ளை | 3 ஆகஸ்ட் 2024

அவ செத்ததும் யாரும் உடனே எழுதி வைக்கலயா? எல்லாம் வாய்க்கதைதானா?

கிளேர்வாசி | 4 ஆகஸ்ட் 2024

1897இல் லேடி கிரெகரி ஃபீக்கிளுக்கு வந்து கேட்டு எழுதினார். கால்வே பக்கம் கூல் பண்ணையின் எஜமானி, மலைக்கு அந்தப் புறம். பிட்டி செத்து 23 வருஷம்தான் ஆகியிருந்தது, நேரில் பார்த்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். பெரிய வீட்டு அம்மா கேட்கும்போது ஏழைக் குடியானவன் எல்லாவற்றையும் சொல்லியிருப்பானா என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனாலும் அவர் எழுதாவிட்டால் பாதி போயிருக்கும்.

அடுத்த பெரிய வேலை 1937 முதல் 1939 வரை. அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளிடம், பெரிய வகுப்புப் பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொன்னது. பேய்க்கதை, வைத்தியம், வானிலைக் குறி, கொல்லன் பட்டறை, எல்லாம். மொத்தம் 7,40,000 பக்கம் சேர்ந்தது. இப்போது அந்த நோட்டுகள் பிள்ளைகளின் கையெழுத்தோடு இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன, ஊர்ப் பெயர் போட்டுத் தேடலாம். ராத்திரி பத்து மணிக்குத் திறந்தால் தூக்கம் போச்சு. அதில் எனக்குப் பிடித்தது வைத்தியப் பகுதி. கக்குவான் இருமலுக்குப் பிள்ளையைக் கழுதை வயிற்றுக்கு அடியில் நுழைத்து எடுக்க வேண்டும். அல்லது கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரே குடும்பப் பெயர் கொண்ட பெண் கையால் ரொட்டி வாங்கித் தின்ன வேண்டும்.

நாஞ்சில்_அக்கா | 4 ஆகஸ்ட் 2024

கழுதைக்குப் பிள்ளைய பிடிக்காட்டி? 😄 இப்பவும் யாராவது இப்படிப் போறாங்களா தம்பி?

கிளேர்வாசி | 5 ஆகஸ்ட் 2024

கழுதைக்கு இல்லை, மற்றதற்குப் போகிறார்கள் அக்கா. அக்கி, படர்தாமரை, தீக்காயம், மரு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பத்தில் 'கை' இருக்கும். ஏழாவது மகனின் ஏழாவது மகன் என்றால் கேட்கவே வேண்டாம். காசு தரக்கூடாது, நன்றியும் சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது.

அக்கி வந்த ஒருவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு, "இதைச் சாப்பிட்டுவிட்டு அங்கேயும் போய் வரலாமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். மாத்திரையை நிறுத்தாமல் எங்கே வேண்டுமானாலும் போங்கள் என்றேன். என்னைவிட அந்தக் 'கை'க்காரர் நோயாளியிடம் அதிக நேரம் பேசுவார். கவுண்டருக்கு முன்னால் எட்டுப் பேர் நிற்கும்போது என்னால் முடியாது.

கிளேர்வாசி | 11 ஆகஸ்ட் 2024

நேற்று எட்னா ஓ'பிரையனை அடக்கம் செய்தார்கள். டூம்கிரேனியில் பூசை, பிறகு டெர்க் ஏரியில் படகில் கொண்டுபோய் இனிஷ் கேல்ட்ரா தீவில். உச்சிக் கூம்பு இல்லாத வட்டக் கோபுரம் ஒன்றும் இடிந்த தேவாலயங்களும் உள்ள தீவு. அங்கே 'பேரக் கல்' ஒன்று உண்டு. வாக்குக் கொடுப்பவர்கள் அதில் உள்ள குடைவில் கைகோத்து உறுதி செய்வார்களாம். முன்பு தீவில் வருஷத் திருவிழா நடந்தது. குடியும் கலாட்டாவும் மிஞ்சியதால் 19ஆம் நூற்றாண்டில் சாமியார்கள் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது சம்பந்தத்தைச் சொல்கிறேன். இந்தச் சின்ன வட்டத்தில் 1780இல் பிரையன் மெரிமன் என்ற வாத்தியார் ஐரிஷ் மொழியில் ஆயிரம் வரிக்கு மேல் ஒரு கவிதை எழுதினார், 'நள்ளிரவு நீதிமன்றம்'. கிரேனி ஏரிக்கரையில் தூங்கும் கவிஞரை மலைபோல ஒரு பெண் சேவகி ஃபீக்கிளில் கூடும் கோர்ட்டுக்கு இழுத்துப் போகிறாள். நீதிபதி ஈவல், கில்லலூ பக்கத்துக் கிரேக்லி குன்றில் இருக்கும் மாய மக்களின் ராணி. 1014இல் குளோன்டார்ஃப் போருக்கு முந்தின ராத்திரி பிரையன் போரு ராஜாவிடம் 'நாளை நீ சாவாய்' என்று சொன்னதாக நம்பப்படும் அதே ஈவல். புகார் என்ன? இந்த ஊர் ஆண்கள் கல்யாணம் செய்யாமல் இழுத்தடிக்கிறார்கள், செய்தால் பணக்காரக் கிழவியைச் செய்கிறார்கள், நல்ல உடம்புள்ள சாமியார்களைப் பிரம்மச்சாரிகளாக வீணடிக்கிறார்கள். தீர்ப்பு: 21 வயது தாண்டியும் கல்யாணம் ஆகாதவனுக்குச் சாட்டையடி. முதல் அடி கவிஞருக்கே விழப்போகும்போது விழிப்பு வந்துவிடுகிறது.

இதன் ஆங்கில வடிவம் ஒன்றை 1946இல் தணிக்கைக் குழு தடை செய்தது. ஐரிஷ் மூலத்துக்குத் தடை இல்லை! ஐரிஷ் தெரிந்தவன் கெட்டுப்போகமாட்டான் என்று நினைத்தார்கள் போல.

மெரிமன் 1805இல் இறந்தார், புதைத்தது ஃபீக்கிளில். பிட்டி அப்போது ஏழெட்டு வயதுப் பிள்ளை. வாயாடிப் பெண்களைக் கோர்ட் ஏற்றிய கவிஞர், நிஜமாகவே கோர்ட் ஏறிய வைத்தியக்காரி, இருவரும் ஒரே கல்லறைத் தோட்டத்தில். தடை செய்யப்பட்ட நாவலாசிரியை சில மைல் தள்ளித் தீவில். சாமியார்களோடு ஒத்துப்போகாத ஆட்களை இந்த மண் ஒழுங்காக விளைவித்திருக்கிறது.

(மெரிமன் பற்றி இன்னொன்று: 1797இல் நல்ல ஆளிச்செடி விளைவித்ததற்காக டப்ளின் சங்கம் அவருக்கு இரண்டு நூற்பு ராட்டினம் பரிசு கொடுத்தது. உயிரோடு இருந்தபோது கவிதைக்கு யாரும் ராட்டினம்கூடத் தரவில்லை.)

பந்தாட்டப்பிரியன் | 12 ஆகஸ்ட் 2024

நான் ஹர்லிங் பத்தித்தான் கேட்டேன் 😅

கிளேர்வாசி | 12 ஆகஸ்ட் 2024

சரி, ஹர்லிங். சாபம் கிளேருக்கு மட்டும் சொந்தமில்லை. மேயோ கவுண்டி கால்பந்தில் 1951இல் ஜெயித்துத் திரும்பும்போது ஃபாக்ஸ்ஃபோர்ட் ஊரில் ஒரு சவ ஊர்வலத்தை மதிக்காமல் கூத்தடித்தார்கள், அந்த அணியில் கடைசி ஆள் சாகும்வரை கப் கிடையாது என்று சாபம் விழுந்தது என்பார்கள். கடைசி ஆள் 2021 செப்டம்பரில் இறந்தார். மேயோவுக்குக் கப் இன்னும் வரவில்லை. கெடு வைத்த சாபத்தில் இந்தச் சிக்கல் உண்டு. எங்கள் ஊரில் கெடு வைக்கவில்லை, அதனால் 1995இல் யார் வேண்டுமானாலும் உடைத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

தோற்ற அணிக்குச் சாபம் ஒரு வசதி. பயிற்சி போதாது, கார்க்கிலும் டிப்பரரியிலும் ஆட்டக்காரர்கள் அதிகம் என்று ஒத்துக்கொள்வதைவிட, செத்துப்போன கிழவிமேல் பழி போடுவது எளிது. அவளும் மறுத்துப் பேச வரமாட்டாள்.

கணக்குப்பிள்ளை | 19 ஆகஸ்ட் 2024

ரோட்ட வளைச்சு ஒரு முள்மரத்தக் காப்பாத்தினாங்களே, அது உங்க பக்கமா?

கிளேர்வாசி | 20 ஆகஸ்ட் 2024

லட்டூன். எனிஸ் போகும் வழி, எங்களுக்கு மேற்கே. 1999இல் பெரிய சாலைக்கு நிலம் எடுத்தபோது கதைசொல்லி எட்டி லெனிஹன் பத்திரிகைக்கு எழுதினார். அந்த ஒற்றை வெண்முள் மரம், 'அவர்களில்' மன்ஸ்டர் கூட்டம் கொனாக்ட் மாகாணக் கூட்டத்தோடு சண்டைக்குப் போகும்போது கூடும் இடம், வெட்டினால் சாலையில் உயிர் போகும் என்று. வெளிநாட்டு நிருபர்கள் வந்துவிட்டார்கள். கவுண்டி பொறியாளர்கள் திட்டத்தைக் கொஞ்சம் மாற்றி மரத்தை விட்டுவிட்டார்கள். 'சாலையையே வளைத்தார்கள்' என்பது மிகை, ஓரத்தில் வேலி போட்டு இடம் விட்டார்கள். 2002இல் எவனோ மின்ரம்பத்தால் கிளைகளை அறுத்துவிட்டுப் போனான். மரம் மறுபடி துளிர்த்தது. அவன் என்ன ஆனான் என்று ஆளுக்கொரு கதை.

நாட்டில் 45,000 வாக்கில் வட்ட மண்கோட்டைகள் மிச்சம் இருக்கின்றன, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பண்ணை வீடுகளின் சுற்றுக்கரை. சட்டம் வருவதற்கு முன் அவற்றைக் காப்பாற்றியதில் பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கலப்பையை உள்ளே விட்டால் மாடு சாகும், கை முடங்கும். தொல்லியல் துறை கைகூப்ப வேண்டிய மூடநம்பிக்கை.

நாஞ்சில்_அக்கா | 21 ஆகஸ்ட் 2024

கேக்க அழகா இருக்கு தம்பி. ஆனா நம்பிக்கைங்கற பேருல கொடுமையும் நடந்திருக்குமே?

கிளேர்வாசி | 8 செப்டம்பர் 2024

நடந்தது அக்கா. பதில் எழுதத் தாமதித்தேன், எழுதப் பிடிக்கவில்லை.

பக்கத்துக் கவுண்டி டிப்பரரி, பாலிவாட்லி. 1895 மார்ச். பிரிஜெட் கிளியரி, 26 வயது, தையற்காரி, சொந்தத் தையல் மெஷின் வைத்திருந்தவள். காய்ச்சலில் படுத்தாள். டிஸ்பென்சரி டாக்டர் வரத் தாமதம். புருஷன், 'இது என் பெண்டாட்டி இல்லை, அவர்கள் மாற்றி வைத்த உரு' என்றான். பச்சிலையைக் கட்டாயமாகப் புகட்டினார்கள். அவள் அப்பாவும் சொந்தக்காரர்களும் கூடவே இருந்தார்கள். அடுத்த ராத்திரி அவளை எரித்துவிட்டான். பிறகு, நிஜப் பெண்டாட்டி வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று மண்கோட்டைப் பக்கம் போய்க் காத்திருந்தான். கொலை என்று தீர்க்காமல், உயிரிழப்புக்குக் காரணமானவன் என்று 20 வருஷத் தண்டனை. 1910இல் வெளியே வந்துவிட்டான்.

மேலே 27 ஜூலையில் 'இங்கே கிடப்பது வெறும் கூடு' என்று எழுதினேன் அல்லவா. துக்கம் தாங்க உதவிய அதே வாக்கியம் இங்கே ஒரு பெண்ணைக் கொல்லவும் உதவியது. பிட்டி செத்து 21 வருஷம் கழித்து நடந்தது. சொந்தமாகச் சம்பாதித்த பெண், பிள்ளை இல்லை, துணிச்சலாகப் பேசுவாள். நான்கு கல்யாணம் செய்து, மேட்டில் தனியாக இருந்த பிட்டிக்கு இது நடக்காததற்குக் காரணம் ஊருக்கு அவள் தேவைப்பட்டாள் என்பதுதான் என்று நினைக்கிறேன். தேவைப்படாத நோயாளிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கிளேர்வாசி | 1 நவம்பர் 2024

நேற்று ஹாலோவீன். கடைக்கு வந்த பிள்ளைகளில் ஒன்று நீலப் புட்டியோடு 'நான் பிட்டி எர்லி' என்றது. பாட்டியின் இருமல் மருந்துப் புட்டி, லேபிள் பாதி உரிந்திருந்தது. எதிர்காலம் கேட்டேன். "உங்களுக்கு நாளைக்கு லீவு இல்லை" என்றது. பலித்துவிட்டது.

பந்தாட்டப்பிரியன் | 2 நவம்பர் 2024

அந்த ஏரில யாரும் புட்டியத் தேடலயா?

கிளேர்வாசி | 3 நவம்பர் 2024

தேடினால் நிறையக் கிடைக்கும், 150 வருஷத்துச் சாராயப் புட்டிகள். எது அவளுடையது என்று எப்படிச் சொல்வது?

கில்பாரனைப் பற்றிப் பேச இன்னொரு ஆள் இருக்கிறான், பிட்டி நிழலில் மறைந்துபோனவன். ஜானி பேட்டர்சன், 1840இல் அங்கே பிறந்த சர்க்கஸ் கோமாளி, பாட்டுக்காரன், அமெரிக்காவரை பேர் எடுத்தவன். 1889இல் ட்ரலீ ஊரில் ஒரு கையில் பிரிட்டனுக்காகக் கிரீடமும் ஒரு கையில் அயர்லாந்துக்காக யாழும் வரைந்துகொண்டு, இரண்டு தரப்பும் ஒத்துப்போங்கள் என்று பாடினான். கூடாரத்தில் கைகலப்பு, தலையில் அடி, சில நாளில் செத்தான். அவனுக்குத் தனி இழை தொடங்குகிறேன். ஹர்லிங் கேள்விகள் அங்கே வேண்டாம்.